கூரைமேல் ஓர் இலையுதிர்காலம்

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் புவியியல் கற்பித்து வருபவள் நான். அதிபராக நியமனம் பெற்ற பின்னரும் எட்டாம் வகுப்புக்கான இரண்டு பாடவேளைகளை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. ஆண்டுதோறும் அப்பிள்ளைகளின் முன் நின்று, கரும்பலகையில் ஞாயிற்றை நடுவில் வைத்து, அதனைச் சூழ நான்கிடங்களில் பூமியை வரைந்து, அதன் அச்சு இருபத்து மூன்றரைப் பாகை சாய்ந்திருப்பதனாலேயே பருவங்கள் உண்டாகின்றன என்று விளக்குவேன். இலையுதிர்காலத்தில் மரங்கள் மஞ்சளும் செம்மையுமாய் நிறம் மாறி இலைகளை உதிர்க்கும் என்றும் சொல்வேன். ஒருநாள் பின்வரிசையிலிருந்த சிறுவன் ஒருவன் எழுந்து, “ரீச்சர், நீங்கள் அதைக் கண்டிருக்கிறீர்களா?” என்று கேட்டான். இல்லை என்று சொன்னேன். அவன் அமர்ந்துவிட்டான். என்னை இழிவுபடுத்த வேண்டும் என்ற எண்ணம் அவனுக்கு இருக்கவில்லை. அறிய விரும்பினான், அவ்வளவே. எனினும் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

2018ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில் நான் அதைக் கண்டேன். நியூயோர்க் நகரிலே குயீன்ஸ் என்னும் பகுதியில் வசிக்கும் என் தம்பி பன்னெடுங்காலமாக அழைத்துக்கொண்டே இருந்தான். அந்த ஆண்டில் அவனுடைய மகள் படிப்பு முடித்துத் தொழிலில் அமர்ந்தாள். “மாமி வந்தால்தான் என் முதற் சம்பளத்தில் விருந்து” என்று தொலைபேசியிற் பிடிவாதம் பிடித்தாள். வெளிநாட்டு விடுமுறைக்கு விண்ணப்பித்து, பாடசாலையைப் பிரதி அதிபரிடம் ஒப்படைத்துப் புறப்பட்டேன்.

மரங்களைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. வண்ணப் படங்களில் நீங்கள் காண்பது மிகையன்று. உண்மை அதனினும் சற்றுக் கூடுதலாகவே இருக்கிறது. தம்பியின் வீட்டுத் தெருவில் நின்ற ஒரு மேப்பிள் மரத்தின் கீழ் முதல்நாட் காலை வெகுநேரம் நின்றேன். அயல்வீட்டுக்காரர் எனக்கு ஏதும் உடல்நலக் குறைவோ என்று விசாரித்தார். நான்கைந்து இலைகளைப் பொறுக்கி நாட்குறிப்பினுள் வைத்துக்கொண்டேன். அந்தச் சிறுவன் அதற்குள் உயர்தர வகுப்புக்குப் போய்விட்டான் என்பது பின்னரே நினைவுக்கு வந்தது.

நிற்க. இன்று நான் சொல்ல வந்தது அந்த விருந்தைப் பற்றியே.

மருமகள் மன்ஹற்றனில் ஓர் இத்தாலிய உணவுச்சாலையிலே வெள்ளிக்கிழமை மாலைக்கு இடம் ஒதுக்கியிருந்தாள். அது கூரையின் மேல் இருப்பது என்றும், பருவத்துக்குப் பருவம் தன் கோலத்தை மாற்றிக்கொள்வது என்றும் சொன்னாள். புவியியல் ஆசிரியைக்கு இதனினும் பொருத்தமான இடம் வேறு கிடையாது என்பது அவளுடைய எண்ணம். தம்பி மட்டும் அதிகம் பேசவில்லை. “இத்தாலியச் சாப்பாடுதானா?” என்று ஒருமுறை கேட்டான். பிறகு சட்டையை மாற்றிக்கொண்டு வந்துவிட்டான்.

நிலத்துக்கு அடியில் ஓடும் இரயிலில் ஏறி இருபத்து மூன்றாம் தெரு நிலையத்தில் இறங்கினோம். படியேறி வெளியே வந்தால் எதிரே மடிசன் சதுக்கம் என்னும் பூங்கா. அதன் தென்முனையிலே, துணி தேய்க்கும் இரும்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாற் போன்ற முக்கோண வடிவக் கட்டடம் நிற்கிறது. 1902இல் கட்டி முடிக்கப்பட்டது. சுதந்திர தேவியின் சிலைக்கு நியூயோர்க் துறைமுகத்தில் பீடம் எழுப்பப் பணம் சேர்த்துக்கொண்டிருந்த காலத்தில், தீவட்டி ஏந்திய கை மட்டும் 1876ஆம் ஆண்டு முதல் 1882 வரை இந்தப் பூங்காவிலேயே பார்வைக்கு வைக்கப்பட்டிருந்ததாம். உடலின்றிக் கை மட்டும் ஆறாண்டு ஒரு பூங்காவில் நின்றது என்பதை எண்ணிப் பார்த்தேன். அந்தக் காட்சி அன்றிரவு மீண்டும் என் மனத்தில் வரப்போகிறது என்பது அப்போது தெரியாது.

நாங்கள் சென்ற கட்டடம் ஐந்தாம் பெருந்தெருவில் 200ஆம் இலக்கம். நெடுங்காலம் அது விளையாட்டுப் பொருள் வணிகத்துக்குப் பேர்போன கட்டடமாக இருந்தது. 2010ஆம் ஆண்டில் அதன் கீழ்த்தளத்தில் ‘ஈட்டலி’ என்னும் பெரிய இத்தாலியச் சந்தை திறக்கப்பட்டது. உண்ணல் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லையும் இத்தாலி என்னும் நாட்டின் பெயரையும் ஒன்றாகப் பிணைத்து இட்ட பெயர் அது. ஒஸ்கார் பரினெற்றி என்பவர் துரின் நகரில், பழைய மது வடிசாலை ஒன்றைத் திருத்தியமைத்து 2007இல் முதற் சந்தையைத் தொடங்கினார். பாற்கட்டியும் மாப்பண்டங்களும் ஒலிவ எண்ணெயும் மரக்கறியும் மீனும் ஒருங்கே விற்கப்படும். விற்கும் இடத்திலேயே சமைத்தும் தரப்படும். நம்மூர்ச் சந்தையிலே தேநீர்க்கடை இருப்பது போலத்தான், அளவு மட்டும் வேறு. உள்ளே நுழைந்ததும் காய்ச்சிய உள்ளியின் மணமும் புதுப் பாணின் மணமும் ஒன்றாக வந்து மோதின. தம்பி ஒரு கணம் நின்றதைக் கண்டேன். சனநெரிசலால் நின்றான் என்று நினைத்தேன்.

மின்னுயர்த்தியில் ஏறி உச்சியை அடைந்தோம். அந்தக் கூரை உணவுச்சாலைக்கு ‘ஸெர்ரா’ என்று பெயர். பனியினின்றும் செடிகளைக் காக்கும் கண்ணாடி வீட்டை இத்தாலியர் அவ்வாறு அழைப்பர். மேலே கண்ணாடி முகடு. அதனின்றும் கொடியும் கொத்துமாகத் தொங்கும் இலைகளும் பூக்களும். நாங்கள் சென்ற காலத்தில் அவை இலையுதிர்காலத்துக்குரியனவாய்ச் செம்பும் பொன்னும் கலந்த நிறத்தில் இருந்தன. மூலைகளிற் பூசணிக்காய்கள் அடுக்கப்பட்டிருந்தன. இதற்கு முன்னொரு வேனிலில் இதே கூரையைக் கடற்கரையாக்கி, இத்தாலிய மொழியில் மணல் என்று பொருள்படும் ‘சப்பியா’ என்னும் பெயரை இட்டிருந்தனராம். பனிக்காலத்தில் ஆல்ப்ஸ் மலைக் குடிலாக்கிப் ‘பையிற்றா’ என்றனராம். பெயரும் மாறும், உணவும் மாறும், பணியாளரின் உடையும் மாறும். மேசை நாற்காலிகளும் அவற்றைத் துடைக்கும் கைகளும் மாறா.

கூரைமேல் உண்ணும் வழக்கம் இந்நகருக்குப் புதிதன்று. குளிர்சாதனம் வருவதற்கு முன் கோடையில் நாடக அரங்குகள் அடுப்புப் போற் காய்ந்து கிடக்கும். மக்கள் உள்ளே வரமாட்டார்கள். ஆதலால் 1880களிலேயே அரங்க உரிமையாளர் கூரைமேல் தோட்டம் அமைத்து, செடி வைத்து, விளக்கிட்டு, பாட்டும் கூத்தும் குடியும் உணவும் அங்கே நிகழச் செய்தனர். மடிசன் சதுக்கத்தின் வடகீழ் மூலையில் அத்தகைய கூரைத் தோட்டம் ஒன்று 1890 முதல் இருந்தது. அதைக் கட்டிய சிற்பியாகிய ஸ்ரான்போர்ட் வைற் என்பவர், 1906ஆம் ஆண்டு யூன் மாதத்தில் ஓரிரவு, அந்தக் கூரையிலேயே நாடகம் பார்த்துக்கொண்டிருந்தபொழுது சுட்டுக் கொல்லப்பட்டார். தாம் கட்டிய கூரையிலேயே மாண்டார். அந்தக் கட்டடம் 1925இல் இடிக்கப்பட்டது. குளிர்சாதனப் பொறியை வில்லிஸ் கரியர் என்பவர் புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்காக 1902இல் அமைத்தார். 1920களில் அது அரங்குகளுக்கு வந்தது. வந்ததும் கூரைத் தோட்டங்களுக்கு வேலையில்லாமற் போயிற்று. அக்காலத்தில் பருவம் மனிதரைக் கூரைக்குத் துரத்தியது. இக்காலத்தில் பருவத்தைத் தேடி மனிதர் கூரைக்கு ஏறுகின்றனர். பருவம் வீட்டுக்குள் வராமல் அடைத்துவிட்டதன் விளைவு இது என்று நினைக்கிறேன்.

இதனைக் குறையாகச் சொல்கிறேன் அல்லேன். வாழை கட்டி, மாவிலைத் தோரணம் தொங்கவிட்டுப் பந்தரிடும் நமக்கு இலையாற் செய்யும் அலங்காரத்தைப் பழிக்க உரிமை இல்லை. ஆயினும் இத்தாலியரிடத்தில் பருவம் என்பது முதலில் அலங்காரம் அன்று, அது வயிற்றுக்கு உரியது. வசந்தத்தில் தண்ணீர்விட்டானின் இனமாகிய அஸ்பரகஸ் முளைகள். கோடையில் தக்காளியும் கத்தரிக்காயும். இலையுதிர்காலத்தில் காளானும் செஸ்நட் கொட்டையும் புதிதாகப் பிழிந்த ஒலிவ எண்ணெயும். அல்பா என்னும் ஊரைச் சூழ்ந்த காடுகளில் வெண்ணிறக் கிழங்குக் காளானை நாய்களைக் கொண்டு மோப்பம் பிடித்து எடுப்பதும் இந்தக் காலத்திலேயே. ஒன்று முடியும்வரை அதை உண்பர். முடிந்தபின் அடுத்த ஆண்டுவரை காத்திருப்பர். நமக்கும் இது தெரியாததன்று. ஆடி பிறந்தாற் கூழ். பனம்பழக் காலத்திற் பணியாரம். தை பிறந்தபின் பனங்கிழங்கு. நம் முன்னோர் ஆண்டை ஆறு பருவமாக வகுத்தனர். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். யாழ்ப்பாணத்திலே அது மழைக்காலம், இலை உதிரும் காலம் அன்று. காய்ந்து கிடந்த தரவை பச்சை கொள்ளும் காலம். அங்கே இலை சிவக்கும் அதே கிழமையில் இங்கே புல் முளைக்கிறது என்பதை நான் வகுப்பிற் பலமுறை சொல்லியிருக்கிறேன். மேசையில் அமர்ந்து மருமகளுக்கும் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே உணவுப் பட்டியலை என் கையில் தந்தாள்.

அங்கேதான் சிக்கல் தொடங்கியது. அன்று வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமைகளில் நான் மச்சம் மாமிசம் முட்டை எதுவும் தொடுவதில்லை. அம்மா இருந்த காலத்திலிருந்து வரும் வழக்கம். மருமகள் அதை அறிவாள். ஆதலாற் பட்டியலை முன்னரே ஆராய்ந்து, பூசணிக்காயை உள்ளே வைத்து மடித்த மாப்பண்டம் ஒன்றைத் தெரிந்து வைத்திருந்தாள். “இதில் மரக்கறி மட்டுமே, மாமி” என்றாள். பணியாளரும் ஆம் என்றார்.

“அக்கா, நீங்கள் அதைச் சாப்பிட வேண்டாம்” என்றான் தம்பி.

ஏன் என்று கேட்டோம். அவன் பட்டியலைப் பார்க்காமலே சொன்னான். பூசணி வைத்து மடிக்கும் மா, முட்டை விட்டுப் பிசையும் மா. வட இத்தாலியின் வழக்கம் அது. தென் இத்தாலியரின் உலர்ந்த மாப்பண்டத்துக்கே கடுங்கோதுமை ரவையும் தண்ணீரும் மட்டும் போதும். பூசணியுடன் பார்மிஜியானோ என்னும் பாற்கட்டியைத் துருவிச் சேர்ப்பர். அந்தப் பாற்கட்டிக்குப் பாலை உறைய வைப்பது கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறை. அது இல்லாமற் செய்தால் அந்தப் பெயரை இடச் சட்டம் இடங்கொடாது. “பாற்கட்டி வேண்டாம் என்று சொல்லுங்கள். காளானும் சோளமாக் களியும் கேளுங்கள். களியில் வெண்ணெயும் பாற்கட்டியும் சேர்க்காமல் ஒலிவ எண்ணெய் விடச் சொல்லுங்கள். அல்லது உலர்ந்த மாப்பண்டத்தில் தக்காளியும் உள்ளியும். மரக்கறி அவித்த சாறு என்பார்கள். அது கோழி எலும்பு அவித்த சாறா என்று ஒருமுறைக்கு இருமுறை கேளுங்கள்.”

தம்பி காப்புறுதி நிறுவனம் ஒன்றிற் கணக்காளன். வீட்டில் அவன் அடுப்படிக்கு வருவதை நான் கண்டதில்லை. “இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டேன். மருமகளும் அதையே ஆங்கிலத்திற் கேட்டாள். மைத்துனி மட்டும் வியப்படையவில்லை. அவள் கணவனின் முகத்தைப் பார்த்தபடி, மேசைமேலிருந்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள்.

“அடுக்களையிற் படித்தது” என்றான்.

அவன் 1990இல் இருபது வயதில் நாட்டைவிட்டுப் போனவன். அதன் பிறகு ஐந்து ஆண்டுகள் அந்நகரில் ஓர் இத்தாலிய உணவுச்சாலையிற் பாத்திரம் கழுவினான் என்பதை இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து அந்தக் கூரையிலே நான் அறிந்தேன். அந்த உணவுச்சாலை இன்று இல்லை. பெயரை அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நகரின் பல உணவுச்சாலைகளைப் போல அதற்கும் கழுவும் இடம் நிலத்துக்கு அடியில் இருந்தது. நடைபாதையிற் பதித்திருக்கும் இரும்புக் கதவைத் தூக்கினால் உள்ளே செங்குத்தான படி. அதன்வழியே மாமூட்டையும் தக்காளித் தகரமும் இறங்கும், அதன்வழியேதான் அவனும் இறங்குவான். பிற்பகல் மூன்று மணிக்கு இறங்கினால் நள்ளிரவு கழிந்தே வெளியேறலாம். “நியூயோர்க்கில் முதல் இரண்டு வருஷம் இலை விழுந்ததை நான் பார்க்கவில்லை, அக்கா. படியில் ஒட்டிக்கொண்டு வந்த இலையைப் பார்த்தேன்” என்றான்.

உடன் வேலை செய்தவர்கள் பெரும்பாலும் மெக்சிக்கோ நாட்டுப் புவெப்லா மாகாணத்தார். ஆதலால் அவன் ஆங்கிலத்துக்கு முன் ஸ்பானிய மொழியையே கற்றான். முதலாளியின் தாயார் சிசிலித் தீவிலிருந்து வந்த முதியவர். வெள்ளிக்கிழமை இவன் மாமிசம் உண்ணாததைக் கண்டு, இவனும் தம்மைப் போற் கத்தோலிக்கன் என்று எண்ணி, தக்காளி போட்ட மாப்பண்டத்தைத் தனியே எடுத்து வைப்பாராம். அவரே எந்த உணவில் எது சேர்கிறது என்று கற்பித்தவர். அந்த அம்மையார் இறந்த பிறகு அடுத்த பரம்பரை வந்தது. ஒருமுறை ஆறு கிழமைக் கூலி வரவேயில்லை. கேட்டால் கடவுச்சீட்டைக் கேட்பார்கள் என்ற அச்சத்தாற் கேட்கவில்லை. இதைச் சொல்லும்போது அவனிடத்திற் கோபம் இருக்கவில்லை. கணக்கொன்றை வாசிப்பவன் போலச் சொன்னான்.

நேயர்களே, அந்தக் காலத்தில் நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் கலைப்பீட மாணவி. ஊரில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் விளக்கும், சில நாள் தேங்காயெண்ணெய்த் திரியும். அப்பாவின் ஓய்வூதியம் சீராக வராது. உண்டியல் மூலம் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை தம்பியின் பணம் வரும். அதிலேயே என் புத்தகமும் துவிச்சக்கர வண்டியின் ரயரும் விடுதிப் பணமும். அப்பா அவனுடைய கடிதங்களை அயலவருக்கு வாசித்துக் காட்டுவார். “பெரியதோர் உணவு நிறுவனத்தில் வேலை” என்று அவன் எழுதியிருந்தான். அப்பா அதை “உணவுத் திணைக்களம்” என்று விளங்கிக்கொண்டு, அங்கேயும் மகன் அரசாங்க உத்தியோகத்தில் இருக்கிறான் என்ற நிறைவோடு கண்ணை மூடினார். நான் பட்டம் பெற்றேன். என் பெயருக்குப் பின்னால் நிற்கும் அந்த இரண்டெழுத்து எந்தத் தொட்டித் தண்ணீரில் விளைந்தது என்று ஒருநாளாவது நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பணம் வந்தது, வந்துகொண்டிருந்தது. கை மட்டும் தெரிந்தது, உடல் தெரியவில்லை.

மேசையில் ஒருவரும் பேசவில்லை. மருமகள் தந்தையின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்நேரத்தில் உணவு வந்தது. அழக் கூடாது என்று எண்ணினேன்; ஆசிரியர் அழாமல் இருப்பதற்குச் செய்வதையே செய்தேன். பாடம் நடத்தினேன். தக்காளி இத்தாலிக்கு உரியதன்று என்று தொடங்கினேன். அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஸ்பானியர் கொண்டுவந்தது. இத்தாலியில் 1544ஆம் ஆண்டளவிலேதான் மூலிகை நூலொன்றிற் குறிக்கப்பட்டது. நஞ்சோ என்று அஞ்சி நெடுங்காலம் அதை அழகுக்காகவே வளர்த்தனர். தக்காளிக் குழம்பு ஒன்றின் செய்முறை 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் நேப்பிள்ஸில் அச்சான சமையல் நூலிற் காணப்படுகிறது. அதையும் ஸ்பானிய முறை என்றே அந்நூல் சொல்கிறது. நான் உண்டுகொண்டிருந்த களிக்குரிய சோளமும் அமெரிக்காவினதே. அதற்கு முன் இத்தாலிய ஏழைகள் தினையிலும் செஸ்நட் மாவிலும் களி கிண்டினர். நம் மிளகாயும் அவ்வாறே போர்த்துக்கேயரின் கப்பலில் வந்தது. அதற்கு முன் நம் கறிக்கு உறைப்புத் தந்தது மிளகு. பிறகு 1880க்கும் 1920க்கும் இடையில் ஏறத்தாழ நாற்பது இலட்சம் இத்தாலியர், பெரும்பாலும் தெற்கத்திய ஏழைகள், அமெரிக்கா சென்றபோது அந்தத் தக்காளி மீண்டும் தன் கண்டத்துக்கே கப்பலேறியது. 1892இல் திறந்த எலிஸ் தீவுக் குடிவரவுச் சாலையில் அவர்களை வரிசையாக நிறுத்திக் கண்ணிமையைத் திருப்பிப் பார்த்து உள்ளே விட்டனர். மல்பெரித் தெருவின் நெருக்கடியான குடியிருப்புகளில் அவர்கள் வாழ்ந்தபோது, உள்ளி மணக்கும் மனிதர் என்று இந்நகரத்தார் அவர்களை இகழ்ந்தனர். அந்த உள்ளியின் மணத்துக்குத்தான் இன்று ஐந்தாம் பெருந்தெருவிலே முன்பதிவு செய்ய வேண்டியிருக்கிறது.

“பாடம் முடிந்ததா, அக்கா?” என்றான் தம்பி. எல்லோரும் சிரித்தோம். பிறகு சாப்பிட முடிந்தது.

உணவைப் பற்றிச் சொல்லாவிட்டாற் குறையாகும். காளானை ஒலிவ எண்ணெயிலும் உள்ளியிலும் வதக்கிச் சுடச்சுடக் களியின்மேல் இட்டிருந்தனர். களி நம் குரக்கன் களியைவிட இளகலாக இருந்தது. மண்ணின் மணம் காளானில் அப்படியே இருந்தது. மழை பெய்த மறுநாட் காலையில் வேலியோரத்திற் பிடுங்கி வந்து அம்மா சமைக்கும் காளானின் மணம். பாண் நன்று. மருமகளுக்கு வந்த பூசணிப் பண்டத்தை அவள் முழுவதும் உண்ணவில்லை. அது உணவின் குற்றமன்று.

இருட்டியது. வடக்கே எம்பயர் ஸ்ரேற் கட்டடத்தில் விளக்கேற்றினார்கள். தட்டுகள் வெறுமையானதும் தம்பி அவற்றைத் தன் பக்கம் இழுத்து, பெரியது அடியிலும் சிறியது மேலுமாக அடுக்கி, கரண்டிகளை ஒருபுறமாகச் சேர்த்து, எச்சிலை ஒரே தட்டில் ஒதுக்கினான். வீட்டிலும் அவன் அவ்வாறு செய்வதை இரண்டு கிழமையாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒழுங்கான பிள்ளை என்று மனத்துக்குள் மெச்சியும் இருந்தேன். தட்டெடுக்க வந்த இளைஞர் அந்த அடுக்கைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், ஸ்பானிய மொழியில் ஏதோ சொன்னார். தம்பி அதே மொழியில் விடை சொன்னான். இருவரும் சிரித்தனர். எந்த ஊர் என்று விசாரித்தான் போலும். புவெப்லா என்ற சொல் மட்டும் என் காதில் விழுந்தது. மருமகளுக்கு அவள் தந்தை அந்த மொழி பேசுவான் என்பதே அதுவரை தெரியாது.

கணக்குச் சீட்டை அவளே செலுத்தினாள். எவ்வளவு என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. அப்போது ஒரு டொலர் நூற்றெழுபது ரூபாயைத் தாண்டியிருந்தது. எதையும் நூற்றெழுபதாற் பெருக்கிப் பார்க்கும் நோய் எனக்கு வந்த நாளிலிருந்தே பிடித்திருந்தது, அன்றுமட்டும் அதற்கு இடங்கொடுக்கவில்லை. பணியாளருக்குரிய அன்பளிப்பை அந்நாட்டில் உணவின் விலையில் ஐந்தில் ஒரு பங்கு வரை கொடுப்பது வழக்கம். மருமகள் அதை எழுதிய பிறகு, தம்பி தன் சட்டைப்பையிலிருந்து தனியாகச் சில தாள்களை எடுத்து மடித்து, தட்டெடுத்த இளைஞரின் கையில் வைத்தான். எழுதிக் கொடுப்பது எப்போது கீழே போய்ச் சேரும் என்று தெரியாது என்றான்.

கீழே இறங்கியபின் நாங்கள் பூங்காவின் வழியாக நடந்தோம். காற்றில் இலைகள் விழுந்துகொண்டிருந்தன. மருமகள் தந்தையின் கையைப் பிடித்தபடி முன்னே நடந்தாள். இருபத்திரண்டு வயதுப் பெண், வெகுநாளாக அவ்வாறு நடந்திருக்கமாட்டாள். மைத்துனி என்னோடு வந்தாள். “கலியாணத்துக்கு முதலே சொல்லிவிட்டார், மச்சாள். உங்களுக்கு மட்டும் சொல்லக் கூடாது என்று வாக்கு வாங்கியிருந்தார். படிப்பை விட்டுவிடுவீர்கள் என்ற பயம் அப்போது. பிறகு சொல்ல ஒரு சந்தர்ப்பம் வரவில்லை” என்றாள். அவன் பயந்தது சரியே. நான் விட்டிருப்பேன்.

ஊர் திரும்பிய மறுநாள் அம்மாவின் தகரப் பெட்டியைத் திறந்தேன். 1995ஆம் ஆண்டு ஐப்பசி மழையில், ஒரே இரவிற் குடாநாட்டின் மேற்குப் பகுதியே பெயர்ந்து நடந்தபோது, காணி உறுதியோடு தம்பியின் கடிதங்களையும் அம்மா பொலித்தீனிற் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். அதனால் அவை இருக்கின்றன. எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி வாசித்தேன். பொய் என்று சொல்லத்தக்க வரி ஒன்றுகூட அவற்றில் இல்லை. 1991ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்றில், “இங்கே எப்போதும் தண்ணீர்தான், கை காய்வதற்கே நேரமில்லை” என்று எழுதியிருக்கிறான். அந்தக் கடிதம் வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பிள்ளை மழையில் நனைகிறானே என்று அம்மா வருந்தினார். நான் பல்கலைக்கழகத்து நிலப்படத் தொகுதியை விரித்து வைத்து, நியூயோர்க்கின் ஆண்டு மழைவீழ்ச்சி ஏறத்தாழ 1,200 மில்லிமீற்றர், நம்முடையதும் ஏறக்குறைய அவ்வளவே, ஆனால் நமக்கு அதிற் பெரும்பகுதி மூன்று மாதத்திற் கொட்டித் தீர்ந்துவிடும், அங்கே பன்னிரண்டு மாதமும் பிரிந்து பெய்யும், ஆகவே அவன் எழுதியது முற்றிலும் சரி என்று அம்மாவுக்கு விளக்கினேன்.